கிணறு தோண்ட உத்தரவு, மூடுவது யார்?

எலெக்ட்ரானிக் சிட்டியைச் சுற்றியுள்ள தொட்டதோகூர், கோணப்பன அக்ரஹாரா, ஹெப்பகோடி பகுதிகளில் கோடைக்காலம் வந்துவிட்டால் இரவில் உறக்கம் இல்லை. எங்கேனும் ஒரு மூலையில் ரிக் லாரி நின்று பாறையைத் துளைத்துக் கொண்டிருக்கும். லாரியின் நம்பரைப் பார்த்தால் பெரும்பாலும் டி.என்.34, அதாவது திருச்செங்கோடு. இந்தியாவில் எந்த மூலையில் போர்வெல் போட்டாலும் அங்கே திருச்செங்கோட்டு வண்டி நிற்கும் என்று சொல்வதுண்டு. அது வெறும் பெருமைப் பேச்சு அல்ல. பூமியைத் துளைப்பதில் தமிழனுக்கு அனுபவம் அதிகம்.

துளை போடுவதற்கு உத்தரவு வேண்டும். கர்நாடகத்தில் 2011-ம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டம் இருக்கிறது. கிணற்றையும் பதிவு செய்ய வேண்டும், ரிக் வண்டியையும் பதிவு செய்ய வேண்டும். 2024 மார்ச்சில் பெங்களூரில் தண்ணீர்ப் பஞ்சம் தலைவிரித்தாடியபோது, முன் அனுமதி இல்லாமல் போர்வெல் போடக் கூடாது என்று குடிநீர் வாரியம் மறுபடியும் கண்டிப்பான உத்தரவு போட்டது. காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் அந்த அனுமதிச் சீட்டு, துளை போடுகிற அந்த ஓர் இரவைப் பற்றித்தான் கவலைப்படுகிறது. தண்ணீர் வற்றி, மோட்டாரைக் கழற்றி, சொந்தக்காரர் வீட்டை விற்றுவிட்டுப் போன பிறகு அந்தத் துளைக்கு யார் பொறுப்பு? அதற்குச் சீட்டும் இல்லை, கேட்பாரும் இல்லை.

இந்தப் பழைய கேள்வி இப்போது வேறொரு புதிய கிணற்றின் வாயிலாக நாட்டின் முன் வந்து நிற்கிறது. ஜார்க்கண்ட் மாநிலம் ஹசாரிபாக் மாவட்டத்தில் பக்ரி பர்வாடி என்ற நிலக்கரிச் சுரங்கம் உள்ளது. அங்கே 2025-ம் ஆண்டு, மத்திய அரசின் மின் உற்பத்தி நிறுவனமான என்.டி.பி.சி. ஒரு கிணறு தோண்டத் தொடங்கியது. ஆழம் ஏறத்தாழ 1,200 மீட்டர். இது தண்ணீர் எடுக்கவும் அல்ல, எண்ணெய் எடுக்கவும் அல்ல. அனல் மின் நிலையப் புகையிலுள்ள கரியமில வாயுவைப் பூமிக்குள் அடைத்து வைக்க முடியுமா என்று பார்ப்பதற்கான கிணறு. இந்தியாவில் இத்தகைய கிணறு இதுவே முதல்.

எடுக்கும் கிணறு, அடைக்கும் கிணறு

இதுவரை மனிதன் பூமியிலிருந்து எடுப்பதற்காகவே கிணறு தோண்டினான். இது உள்ளே அடைப்பதற்கான கிணறு. கரியை எரித்தால் கரியமில வாயு வருகிறது. அது வானில் சேரச் சேர உலகின் சூடு ஏறுகிறது. மழை பருவம் தவறுகிறது. ஆகவே புகைபோக்கியிலேயே வாயுவைப் பிரித்து, அழுத்தி, குழாய் வழியாகப் பூமிக்குள் செலுத்திவிடலாம் என்பது திட்டம்.

சுமார் 800 மீட்டருக்குக் கீழே போனால் அங்குள்ள அழுத்தத்திலும் சூட்டிலும் இந்த வாயு ஏறக்குறைய திரவத்தைப்போல் அடர்த்தியாகிவிடும். சிறிய இடத்தில் அதிகம் அடங்கும். பஞ்சு போல் நுண்துளைகள் உள்ள மணற்பாறையில் அதைச் செலுத்த வேண்டும். அதன் மேலே ஒட்டுவிரிசல் இல்லாத களிப்பாறை ஒன்று மூடிபோல் படுத்திருக்க வேண்டும். சோடா பாட்டிலில் வாயுவை அடைத்து, கோலிக்குண்டு மேலே வந்து உட்கார்ந்துகொள்வதைப் போன்றதுதான் தத்துவம். வித்தியாசம் என்னவென்றால், சோடா பாட்டிலை மாலைக்குள் உடைத்துக் குடித்துவிடுவோம். இந்தப் பாட்டில் ஆயிரம் ஆண்டு உடையாமல் இருக்க வேண்டும்.

பெங்களூரில் இத்தகைய கிணறு வரப்போவதில்லை. லால்பாக் குன்றின்மேல் ஏறிப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். அந்தப் பாறைக்கு வயது 300 கோடி ஆண்டு என்று புவியியல் துறை கல்வெட்டு வைத்திருக்கிறது. பெங்களூர் நகரமே அத்தகைய கெட்டிப் பாறையின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அதில் வாயுவை ஏற்கப் பஞ்சு போன்ற இடமும் இல்லை, மேலே மூடியும் இல்லை, வெறும் வெடிப்புகள்தான். போர்வெல்லில் ஒரு வீட்டுக்குத் தண்ணீர் வந்து பக்கத்து வீட்டுக்குப் புழுதி மட்டும் வருவதும் அதனால்தான்.

அப்படியானால் எலெக்ட்ரானிக் சிட்டிக்காரருக்கு இதில் என்ன அக்கறை? இருக்கிறது. 1978-ல் 332 ஏக்கரில் கியோனிக்ஸ் தொடங்கிய இந்தப் பேட்டையில் இன்று விளக்கு அணைவதே கிடையாது. கம்ப்யூட்டர் கூடங்களுக்கு இரவு பகல் பாராமல் குளிர்சாதனம் ஓடுகிறது. 2025 ஆகஸ்டு முதல் மெட்ரோவின் மஞ்சள் பாதையும் பொம்மசந்திரா வரை மின்சாரத்தில் ஓடுகிறது. அந்த மின்சாரத்தின் பெரும்பங்கு நாடு முழுவதிலும் நிலக்கரியை எரித்துத்தான் வருகிறது. இங்கே வேலை பார்க்கும் தமிழர்களில் பலருக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி, மேட்டூர், நெய்வேலி, எண்ணூர். புகைபோக்கி உள்ள ஊர்கள். நாளைக்குப் புகையை அடைக்கும் கிணறு வருமென்றால் இங்கே வராது; காவிரிப் படுகையில் வண்டல் அடுக்குள்ள ஊர்களைத்தான் தேடிப் போகும். விளக்கு எரிவது இங்கே. கிணறு தோண்டுவது அங்கே. ஆகவே கேள்வி கேட்கும் கடமை இங்குள்ளவர்களுக்கும் உண்டு.

பட்டறிவு சொல்லும் பாடம்

புதிய கிணற்றைப் பற்றிப் பேசுமுன் பழைய கிணற்றின் கதியைப் பார்க்க வேண்டும். 2024 மார்ச்சில் கர்நாடகத் துணை முதல்வர் டி.கே. சிவகுமார் ஒரு கணக்குச் சொன்னார். பெங்களூரில் உள்ள 13,900 போர்வெல்களில் 6,900 வற்றிவிட்டன என்றார். பாதிக் கிணறு செத்த கிணறு. அந்த ஆண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் திறக்கப்பட்டு, 110 கிராமங்களுக்கு நாளொன்றுக்கு 77 கோடியே 50 லட்சம் லிட்டர் வரும் என்று ஏற்பாடாயிற்று. நல்லது. ஆனால் செத்த துளைகள்? அவை அங்கேயே இருக்கின்றன. ஒவ்வொன்றையும் அடிவரை மண்ணிட்டு நிரப்பினார்களா என்று கேட்டால் யாரிடம் பதிவேடு இருக்கிறது?

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2010-ம் ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட் தெளிவாக வழிமுறை வகுத்தது. தோண்டுவதற்கு 15 நாள் முன்பு எழுத்து மூலம் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். ரிக் கம்பெனி பதிவு பெற்றிருக்க வேண்டும். தோண்டும் இடத்தில் அறிவிப்புப் பலகையும் வேலியும் வேண்டும். கைவிட்ட துளையை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண், கல், சரளை கொண்டு நிரப்ப வேண்டும். இதைவிடத் தெளிவாக யாரும் எழுத முடியாது.

ஆனாலும் 2019 அக்டோபர் 25-ந் தேதி, தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கையில், மணப்பாறைக்கு அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று கைவிடப்பட்ட ஆழ்குழாய்க் கிணற்றில் விழுந்தது. தமிழ்நாடே டெலிவிஷன் முன்பு உட்கார்ந்து வேண்டிக்கொண்டது. நாலு நாள் போராட்டத்துக்குப் பின் சடலம்தான் கிடைத்தது. 2024 ஏப்ரலில் விஜயபுரா மாவட்டம் லச்சியான் கிராமத்தில் அதேபோல் விழுந்த குழந்தையைச் சுமார் 20 மணி நேரத்தில் உயிரோடு மீட்டார்கள். ஒன்று பிழைத்தது, ஒன்று பிழைக்கவில்லை. இரண்டிடத்திலும் சட்டம் ஒன்றுதான். சட்டம் குழியை மூடுவதில்லை. ஆள்தான் மூட வேண்டும். அந்த ஆள் யார் என்று பெயர் குறித்து வைக்காத வரையில் சட்டம் வெறும் காகிதமே.

சில நூறு அடித் துளைக்கு மூடி போட வைக்க முடியாத நிர்வாகம், 4,000 அடித் துளைக்குள் லட்சக்கணக்கான டன் வாயுவை அடைத்து, அதைத் தலைமுறை தலைமுறையாகக் காவல் காக்கும் என்று எப்படி நம்புவது? இதுதான் எளிய மனிதன் கேட்கும் கேள்வி. இதை அறியாமை என்று படித்தவர்கள் தள்ளிவிடக் கூடாது.

வெளிநாட்டில் என்ன நடக்கிறது?

இத்தொழில் வெறும் கனவு அல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நார்வே நாட்டில் கடலுக்கு அடியில் ஸ்லைப்னர் என்ற இடத்தில் 1996 முதல் ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் டன் வீதம் கரியமில வாயுவைச் செலுத்தி வந்திருக்கிறார்கள். அந்நாட்டு அரசு 1991-ல் இந்த வாயுவுக்கு வரி போட்டது. வரி கட்டுவதைவிடப் பூமிக்குள் விடுவது மலிவாயிற்று. ஐஸ்லாந்தில் எரிமலைப் பாறைக்குள் வாயுவைத் தண்ணீரில் கரைத்துச் செலுத்தினார்கள். இரண்டு ஆண்டுக்குள் 95 சதவீதத்துக்கு மேல் கல்லாகவே மாறிவிட்டது என்று 2016-ல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். நம் நாட்டிலும் தக்காணத்தில் அத்தகைய எரிமலைப் பாறை பரந்து கிடக்கிறது.

மறுபக்கமும் உண்டு. கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாது, பள்ளத்தில் தேங்கும். 1986 ஆகஸ்டு 21-ந் தேதி காமரூன் நாட்டில் நியோஸ் என்ற ஏரியிலிருந்து இயற்கையாகவே இந்த வாயு பொங்கி வழிந்தது. ஒரே இரவில் 1,700-க்கும் அதிகமானோர் மூச்சுத் திணறி மாண்டனர். அது கிணற்றால் நேர்ந்ததல்ல. எரிமலை ஏரியின் விபரீதம். ஆனால் வாயுவின் குணம் எதுவென்று அது காட்டியது. 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சடார்ஷியா என்ற சிற்றூர் அருகே இவ்வாயுவைக் கொண்டு சென்ற குழாய் வெடித்தது. யாரும் சாகவில்லை. ஆனால் 45 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தப்பியோட நினைத்தவர்களின் கார் என்ஜின்கள், காற்றில் பிராணவாயு குறைந்ததால் நின்றுவிட்டன.

இவற்றையெல்லாம் எண்ணித்தான் அமெரிக்கா 2010-ம் ஆண்டில் இந்தக் கிணறுகளுக்கென்று தனி விதி செய்தது. குடிநீரைக் காப்பதற்காக 1974-ல் வந்த சட்டத்தின் கீழ், பூமிக்குள் எதையேனும் செலுத்தும் கிணறுகளை அவர்கள் வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் ஆறாவது வகுப்பு கரியமில வாயுக் கிணறு. இதற்கு அனுமதி கேட்பவர் பாறையின் வரைபடத்தைக் காட்ட வேண்டும். சுற்று வட்டாரத்தில் உள்ள பழைய கிணறுகளை எல்லாம் தேடிப் பிடித்து, ஓட்டை இருந்தால் அடைக்க வேண்டும். பொதுமக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். வாயு செலுத்துவதை நிறுத்திய பிறகும் பொதுவாக 50 ஆண்டு கண்காணிக்க வேண்டும். கம்பெனி திவாலானாலும் அந்த வேலை நடப்பதற்கு முன்கூட்டியே பணப் பொறுப்பு காட்ட வேண்டும்.

தோண்டுவதற்கு மட்டுமல்ல, மூடுவதற்கும் சேர்த்தே அங்கு அனுமதி தரப்படுகிறது. கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

அத்தனை கட்டுத்திட்டம் இருந்தும் கோளாறு வராமல் இல்லை. இல்லினாய் மாநிலம் டிகேட்டர் நகரில் ஏ.டி.எம். என்ற பெரிய கம்பெனி ஆறாம் வகுப்பு அனுமதி பெற்று வாயுவைச் செலுத்தி வந்தது. அங்கே கண்காணிப்புக் கிணறு ஒன்றின் குழாயில் அரிப்பு ஏற்பட்டு, போகக் கூடாத பாறை அடுக்குக்குத் திரவம் போய்விட்டது. குடிநீருக்குப் பாதிப்பு இல்லை என்று கம்பெனி கூறியது. அனுமதி நிபந்தனையை மீறியதாக 2024-ல் அரசு நோட்டீஸ் கொடுத்தது. செப்டம்பரில் கம்பெனி வாயு செலுத்துவதை நிறுத்திவைத்தது. காவலுக்கு வைத்த கிணறே கசிந்தது என்பது விந்தை. ஆனால் கசிந்தது தெரிந்தது, நோட்டீஸ் போனது, வேலை நின்றது. கண்காணிப்பு இருந்ததால் அல்லவா இது நடந்தது?

நம் நாட்டில் யாரைக் கேட்பது?

2070-க்குள் கரியமில வாயு வெளியீட்டை நிகரப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவோம் என்று 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா வாக்களித்தது. 2022 நவம்பரில் நிதி ஆயோக் இந்த வாயுவைப் பிடித்துப் பயன்படுத்துவது, சேமிப்பது பற்றிக் கொள்கை அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டில் பெங்களூர் ஜக்கூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு உயர் விஞ்ஞான ஆராய்ச்சி மையத்தில் இதற்கென ஒரு தேசிய மையம் அமைந்தது. விஞ்ஞானம் ஓடுகிறது. சட்டம் நடக்கவே ஆரம்பிக்கவில்லை. இவ்வாயுவைப் பூமிக்குள் நிரந்தரமாக அடைப்பதற்கென்றே தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை.

சிக்கல் சாதாரணமானதல்ல. அரசியல் சட்டப்படி எண்ணெய் வயல் மத்திய அரசின் அதிகாரம்; தண்ணீர் மாநில அரசின் அதிகாரம். நிலத்துக்கு அடியிலுள்ள நீர் நிலச் சொந்தக்காரருடையது என்ற எண்ணம் 1882-ம் ஆண்டு ஈஸ்மெண்ட் சட்ட காலத்திலிருந்து வருகிறது. அப்படியானால் 4,000 அடிக்குக் கீழேயுள்ள பாறையின் நுண்துளைகள் யாருடையவை? ஒரு ஊரில் செலுத்திய வாயு பூமிக்குள்ளேயே நகர்ந்து பத்து மைல் தள்ளி அடுத்த தாலுகாவுக்குப் போனால் அந்த ஊர்க்காரரின் சம்மதம் வேண்டாமா? மாநில எல்லையைத் தாண்டினால்? மேலே ஓடும் காவிரிக்கே இரண்டு மாநிலமும் எத்தனை ஆண்டு கோர்ட்டு ஏறின என்பது பெங்களூர்த் தமிழருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஓடும் வாயுவுக்கு எத்தனை ஆண்டு ஏறுவது?

அனுமதி வழங்கும் முறையிலும் நம்பிக்கை தரும் அறிகுறி குறைவு. 2020 ஜனவரியில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை மூலம், எண்ணெய், எரிவாயுத் தேடல் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லாதபடி வகையை மாற்றியது. 2025 மார்ச்சில் ராமநாதபுரம் வட்டாரத்தில் 20 சோதனைக் கிணறுகளுக்கு ஓ.என்.ஜி.சி.க்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. மாநில அளவிலான ஆணையமே கொடுத்தது. செய்தி வெளியே வந்ததோ ஆகஸ்டில்தான். விவசாயிகள் கொதித்தெழுந்த பிறகு, அனுமதியைத் திரும்பப் பெறும்படி மாநில அரசு சொல்ல வேண்டியதாயிற்று. கொடுப்பதும் ஒரு கை, பிடுங்குவதும் ஒரு கை. கம்பெனிக்கும் நிச்சயம் இல்லை, குடியானவனுக்கும் நிம்மதி இல்லை. முதலிலேயே ஊரைக் கூட்டிக் கேட்டிருந்தால் இரண்டு தரப்புக்கும் காலம் மிச்சமாகியிருக்கும்.

செய்ய வேண்டியது

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். பூதம் புறப்படாமல் இருக்க வேண்டுமானால் வெட்டுமுன் யோசிக்க வேண்டும். இந்தியாவில் இப்போது ஒரே ஒரு கிணறு, அதுவும் ஆராய்ச்சிக் கிணறு. சட்டம் செய்வதற்கு இதைவிட நல்ல நேரம் வராது. நூறு கிணறு வந்த பிறகு சட்டம் போட்டால், சட்டம் கிணற்றுக்கு ஏற்றபடி வளையும்.

முதலாவது, தோண்டும் உத்தரவும் மூடும் உத்தரவும் ஒரே தாளில் இருக்க வேண்டும். மூடும் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே அரசிடம் கட்ட வேண்டும். இரண்டாவது, பாறைக்குள் அழுத்தம் எவ்வளவு, கண்காணிப்புக் கிணற்றில் என்ன தெரிகிறது என்பதை மாதாமாதம் கிராமப் பஞ்சாயத்து அலுவலகத்தில் தாய்மொழியில் ஒட்ட வேண்டும். ஆங்கில அறிக்கை ஊருக்கு உதவாது. மூன்றாவது, அந்த வட்டாரத்திலுள்ள பழைய போர்வெல், எண்ணெய்க் கிணறு அனைத்தையும் கணக்கெடுத்து அடைத்த பிறகே வாயுவைச் செலுத்த அனுமதிக்க வேண்டும். வாயு வெளியேறப் புது வழி தேவையில்லை. நாம் மூடாமல் விட்ட பழைய ஓட்டை ஒன்றே போதும். நாலாவது, ஊர்க் கூட்டம் கட்டாயம். ஐந்தாவது, உத்தரவு கொடுக்கும் இலாகாவும் கிணற்றால் ஆதாயம் பெறும் இலாகாவும் ஒன்றாக இருக்கக் கூடாது.

இத்தனை நிபந்தனை போட்டால் திட்டமே நின்றுவிடும், செலவு தாங்காது என்று ஒரு சாரார் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. நிலக்கரியை நாளைக்கே விட்டுவிட இந்தியாவால் முடியாது. வாயுவைப் பிடிக்காமல் விட்டாலும் கேடுதான். அந்தக் கேட்டுக்கு எந்த உத்தரவும் கேட்பதில்லை, புகைபோக்கி தாராளமாக விடுகிறது. ஆகவே கிணறே வேண்டாம் என்று கொடி பிடிப்பதும் சரியல்ல. ஆனால் கண்காணிக்கும் செலவைச் சேர்க்காமல் ‘மலிவு’ என்று கணக்குக் காட்டினால், அந்தச் செலவைப் பிற்காலத்தில் ஊர்க்காரன்தான் கட்டுவான். நெய்வேலிக்காரரைக் கேட்டால் தெரியும். பழுப்பு நிலக்கரிக்கு அடியிலுள்ள நீரின் அழுத்தத்தைக் குறைக்க அங்கே இரவு பகலாகத் தண்ணீர் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. பூமிக்கு அடியிலுள்ள அழுத்தத்தோடு ஒருமுறை கை வைத்தால், கையை எடுப்பது அத்தனை சுலபம் அல்ல.

பூமிக்குள் அடைப்பது ஒன்றுதான் வழி என்பதும் இல்லை. தூத்துக்குடியில் ஆல்கலி தொழிற்சாலை ஒன்று தன் கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிடித்துச் சோடா உப்பு தயாரிக்கும் ஏற்பாட்டைச் செய்து, 2017-ல் உலகப் பத்திரிகைகளில் இடம் பெற்றது. நாட்டின் மொத்தப் புகையோடு ஒப்பிட்டால் இது கடுகளவுதான். ஆனாலும் கடுகு கடுகே, கையில் இருக்கிறது. இத்தகைய வழிகளுக்கும் ஊக்கம் தர வேண்டும்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் நூற்றுக்கணக்கான கம்பெனிகள் இருக்கின்றன. உலகத்தின் எந்த மூலையில் உள்ள பாங்கியின் கணக்கையும் நொடியில் சொல்லும் சாமர்த்தியம் அவற்றுக்கு உண்டு. நாட்டில் எத்தனை கிணறு தோண்டப்பட்டது, எத்தனை மூடப்பட்டது, ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு என்று ஒரு பதிவேடு தயாரிப்பது அவற்றுக்குப் பெரிய காரியமா? கெடுவாய்ப்பு என்னவென்றால், அப்படி ஒன்று வேண்டுமென்று இதுவரை எந்த இலாகாவும் அழுத்திக் கேட்கவில்லை.

திருச்செங்கோட்டு ரிக்காரர் வேலை முடிந்து, கேசிங் குழாயின் வாயில் ஒரு கோணியைச் சுற்றிக் கட்டிவிட்டு, அடி கணக்குக்குக் கூலி வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகிறார். அவருடைய ஒப்பந்தம் அவ்வளவுதான். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அரசாங்கத்தின் ஒப்பந்தம் அப்படி அல்ல. அது அடுத்த ஊருக்குப் போக முடியாது. ஜார்க்கண்டில் தோண்டத் தொடங்கிய கிணற்றின் வாயில் கோணியைக் கட்டிவிட்டுப் போகும் வழக்கம் வராமல் இருக்க, சட்டம் இப்போதே பிறக்க வேண்டும். சம்பந்தப்பட்டவர்கள் ஆவன செய்வார்களா?